மாதேவிக்குக் கட்டிய வண்டி

மைசூர்
9-6-1974

அன்புத் தங்கை மாதேவிக்கு,

அண்ணன் சென்னப்பன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்க வாய் வரவில்லை. மாட்டுவண்டியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பவளை அப்படிக் கேட்டால், கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாய்.

மாப்பிள்ளை ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஜீப் என் வாசலில் நிற்கிறது. பின்பக்கம் முழுக்கத் துரு. வெட்டி எடுத்துவிட்டேன். வாரம் முழுக்க ஷெட்டில் ஊரார் லாரிக்குப் பாடி கட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கட்டுகிறேன். முன்னால் இரண்டு பேர் உட்கார இடம், பின்னால் நீ படுத்து வர ஒரு தொட்டி. வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி தினமும் எட்டிப் பார்த்து, "ஏனப்பா, விமான கட்தா இதீயா?" என்கிறார். ஆமாம் சுவாமி, விமானம்தான், என் தங்கச்சி பறந்து வரப்போகிறாள் என்றேன்.

மாட்டுவண்டிக் குலுக்கலை உன் இடுப்பு தாங்காது, உங்கள் மலைப் பாதையில் வேறு மோட்டார் வண்டியும் ஏறாது. கட்டிலோடு தூக்கி இறக்கப் பார்த்ததில் பாதி வழியிலேயே நீ மூர்ச்சையாகிவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். இது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஏறிவிடும். நீளம்தான் தொல்லை. சேஸி, அதாவது அடிச்சட்டம், குட்டை. பின்னால் சும்மா நீட்டிவிட்டால் ஏற்றத்தில் மூக்கைத் தூக்கும். கோணலாகப் படுக்க வைக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் சக்கர மேடு. உன் அளவுக்குச் சரியாகத்தான் கட்ட வேண்டும். உச்சியிலிருந்து பாதம் வரை நூல் பிடித்து, முடிச்சுப் போட்டு அனுப்பச் சொல். கல்யாணத்தன்று என் தோளுக்கு இருந்தாய். பதினைந்து வயதில் கொடுத்துவிட்டோம், அப்புறம் எவ்வளவு வளர்ந்தாயோ, யார் கண்டது!

உன்னையே நினைத்திருக்கும் அண்ணன்,
சென்னப்பன்

மஞ்சப்பள்ளம், ஹனூர் வழி
20-6-1974

அன்புள்ள அண்ணாவுக்கு மாதேவி வணக்கம்.

பென்சிலில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மல்லாந்து படுத்து எழுதினால் பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது. அதற்கும் என் மேல் வருத்தம் போல.

கொள்ளேகால் டாக்டர் மறுபடி சொல்லி அனுப்பினார். எலும்பு கோணலாகக் கூடுவதற்குள் மைசூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டுமாம். போனால் நடந்துவிடலாம், கூடிவிட்டால் அப்புறம் யாரிடம் போயும் பிரயோசனமில்லை என்றாராம். காலோடு கட்டை வைத்துக் கட்டியிருப்பதால் முழங்காலைக்கூட மடக்கக் கூடாது.

நூல் பிடித்து அனுப்பியாயிற்று என்கிறார் இவர். எப்போது பிடித்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை. நான் தூங்கும்போது பிடித்திருப்பார்கள். பிரசவத்துக்கு நாத்தனார் மாதம்மா வந்திருக்கிறாள், வீட்டில் ஒரே அமர்க்களம்.

ஒன்று கேட்கட்டுமா? வண்டியின் தார்ப்பாயில் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வையுங்கள். இந்தக் கூரை ஓட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் புளித்துவிட்டது. எனக்கு ரோட்டைப் பார்க்க வேண்டும், அண்ணா.

தங்கை,
மாதேவி

மைசூர்
21-7-1974

அம்மிணி,

வண்டி புறப்பட்டுவிட்டது. மாப்பிள்ளையோடு ஹனூர் டிரைவர் கெம்பையன் ஓட்டி வருகிறான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. முதலாளி தலையை ஆட்டினார், எந்தப் பக்கம் ஆட்டினார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நூலைத் தரையில் நீட்டி அதன் மேல்தான் தகரத்தையே வெட்டினேன். குலுங்காமல் இருக்கப் பழைய பஸ் சீட்டின் ஸ்பிரிங்கை அடியில் கோத்து, மேலே கேன்வாஸ் இழுத்துக் கட்டியிருக்கிறேன். ஜன்னல் வைத்திருக்கிறேன், சுருட்டி மேலே கட்டிக்கொள்ளலாம். பின்கதவைக் கட்டாயம் மூடிக் கொக்கி போடச் சொல். திறந்துவைத்தால் ஏற்றத்தில் நீ அப்படியே வழுக்கி வெளியே வந்துவிடுவாய்.

ஆஸ்பத்திரியில் பேசி வைத்துவிட்டேன். அண்ணி உனக்காக நெல்லிக்காய் ஊறப்போட்டிருக்கிறாள். நான் கூட்டிப்போக வரவில்லையே என்று இங்கே வந்து திட்டு, இப்போதே திட்டாதே.

அண்ணன்,
சென்னப்பன்

மஞ்சப்பள்ளம்
27-7-1974

அண்ணா,

என்னால் வர முடியவில்லை.

வண்டி அழகாக வாசல் வரை வந்தது. தூக்கி வைத்தார்கள். கால் வெளியே நிற்கிறது, ஒரு சாணுக்கு மேல். கதவு மூடவில்லை. இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள், வலி தாங்காமல் நான்தான் போதும் என்று கத்தினேன்.

நூல் என்னுடையது இல்லை. இவர் அளக்க வந்தபோது மாமியார் ராமக்காள் தடுத்திருக்கிறார். "படுத்துக் கெடக்கறவளுக்கு நூல் புடிச்சா பாடைக்கு அளக்கறாப்பல ஆயிருமடா. நம்ம மாதம்மாளும் இவ உசரந்தான், அவள நிக்க வெச்சு அள"ன்னு சொன்னாராம். இவரும் அம்மா பேச்சைத் தட்டவில்லை. ஒரு வீட்டில் வருஷக்கணக்காக இருக்கிறேன், அவளைவிட நான் உயரம் என்பது யார் கண்ணிலும் படவில்லை.

கால் வெளியே நிற்கிற அளவுக்கு மட்டும் நூல் பிடித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அது வண்டிக்கு எடுத்த அளவுதானே, தோஷமில்லையாம்.

மாதேவி

மைசூர்
4-8-1974

மாதேவி,

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உயிரோடு இருப்பவளை அளக்கப் பயந்தவர்கள், அவள் கால் போவதற்குப் பயப்பட வேண்டாமா? மாப்பிள்ளையிடம் இதை அப்படியே படித்துக் காட்டு. இல்லை, வேண்டாம். நீ அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

பின்கதவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்ட ஒரு கால் பெட்டி செய்துவிட்டேன். கட்டை கட்டிய இரண்டு பாதம் மட்டும் உள்ளே நிற்கும். கனம் ஏறாமல் மெல்லிய தகரம். உள்ளே அண்ணியின் பழைய கம்பளியை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஹனூர் பஸ்ஸின் மேலே போட்டு அனுப்புகிறேன். நாலு போல்ட்டுதான், கெம்பையனே மாட்டிவிடுவான்.

இந்தத் தடவை உன்னைப் பார்த்துவிடுவேன்.

அண்ணன்,
சென்னப்பன்

மஞ்சப்பள்ளம்
16-8-1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாதம்மாவுக்கு வலி எடுத்து, குழந்தை குறுக்கே நின்றுவிட்டது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அவளை உங்கள் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். கன கச்சிதமாகப் பொருந்தியதாம், கதவு டக்கென்று மூடியதாம். ஏன் பொருந்தாது, அவளுக்கு அளந்ததுதானே! கொள்ளேகாலில் ஆண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டும் செய்தேன்.

அன்று பிடித்த மழை பள்ளத்துப் பாதையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. வண்டியும் கீழே, நீங்கள் அனுப்பிய பெட்டியும் கீழே ஹனூரில் ஒரு கடையில். நான் மேலே. மாமியார் என் தலைமாட்டில் வந்து உட்காருகிறார். அவரைத் திட்டிவிடலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. நீங்களும் திட்டாதீர்கள்.

மாதேவி

மைசூர்
13-10-1974

அம்மிணி,

பாதை போட்டாகிவிட்டது, வெள்ளிக்கிழமை புறப்படுகிறோம் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். நான் காலையிலிருந்தே ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். லீவு கேட்கவில்லை, சொல்லிவிட்டு வந்துவிடுவேன். மழை நாளெல்லாம் ஷெட்டில் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. எதைத் தட்டினாலும் உன் நினைவுதான்.

அண்ணன்,
சென்னப்பன்

மஞ்சப்பள்ளம்
22-10-1974

அண்ணா,

வெள்ளிக்கிழமை இருட்டும்வரை வாசலிலேயே நின்றீர்களாமே, அண்ணி எழுதியிருக்கிறாள். எப்படிச் சொல்லி அனுப்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பெட்டி சரியாக இருந்தது. கம்பளி மெத்தென்று இருந்தது. வழியெல்லாம் ஜன்னலில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். கொள்ளேகாலில் டாக்டர் கட்டைப் பிரித்து, அமுக்கிப் பார்த்து, படம் எடுத்தார். எலும்பு கோணலாகவே கூடிவிட்டது, இனி மைசூர் போய் அலைய வேண்டாம் என்றார். இவர் வெளியே போய்த் தனியாக நின்றார். அப்படியே திரும்பிவிட்டோம்.

வண்டியை இனிமேல் எனக்காக வெட்டவும் ஒட்டவும் வேண்டாம். அதில் ராகி மூட்டை போகிறது. மேட்டு வீட்டு லிங்கப்பனுக்குப் பாம்பு கடித்தபோதும் அதுதான் போனது. கால் பெட்டியை மட்டும் கழற்றி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் ஷெட்டில் லாரிக்கு மாட்டுகிற பக்கக் கண்ணாடி இருக்குமே, பின்னால் வருவது தெரிவதற்கு? அதில் ஒன்று வேண்டும். என் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் மாட்டினால் படுத்தபடியே ரோடு தெரியும். முடியுமா?

மாதேவி

மைசூர்
10-11-1974

மாதேவி,

கண்ணாடி அனுப்பியிருக்கிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து பதில் எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன். எனக்குத் தகரம் வளைக்கத்தான் தெரியும் அம்மிணி. அதையும் காலத்தில் செய்ய முடியவில்லை.

இதற்கு யாரையும் அளவு கேட்கவில்லை. கம்பியை மூன்று இடத்தில் மடங்கும்படி செய்து, உன் கைக்கு எட்டும் தூரத்துக்கு ஒரு பிடியும் வைத்திருக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். மேலே, கீழே, வாசலுக்கு, ரோட்டுக்கு, நீயே திருப்பிக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு வருகிறேன். ஹனூரில் இறங்கி நம் வண்டியிலேயே ஏறிக்கொள்வேன், பின்னால் தொட்டியில்தான் வருவேன். பள்ளத்து வளைவில் ஹாரன் அடிக்கச் சொல்கிறேன். கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பி வை. வீட்டில் எல்லோருக்கும் முன்னால் நீ என்னைப் பார்த்துவிடலாம்.

உன் அண்ணன்,
சென்னப்பன்