நஞ்சு உட்கார்ந்த இடம்

15 ஜூன் 1987, திங்கள்
நான்காம் வகுப்புக்கு வாய்ப்பாடு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தபோது புடவை நனைந்தது. ரத்தம். வலி துளியும் இல்லை. ஏழாம் மாதம்.
மாமியார் நஞ்சம்மாள், சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். இந்த வீட்டில் பெண்களுக்கு எது வந்தாலும் சூடு. ஆண்களுக்கு வந்தால் மட்டும் டாக்டர்.

17 ஜூன்
நர்ஸ் ரோசம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் இரண்டு பெண்களும் ஆபரேஷனில் பிறந்தது அவருக்குத் தெரியும்.
“ரெண்டு வாட்டி வயித்த அறுத்திருக்குது டீச்சர். வலியில்லாம ரத்தம் போனா நஞ்சுக்கொடி எங்க ஒட்டியிருக்குதுன்னு பாக்கணுங்க. சேலத்துல ஸ்கேன் மிஷின் வந்திருக்குது.”
அந்த மிஷின் வெளிச்சத்தில் குழந்தைக்குக் கண் கெட்டுவிடும் என்றார் மாமியார். இவர், என் வீட்டுக்காரர், பேப்பரை மடிக்கவே இல்லை.

19 ஜூன்
அந்த மிஷினில் ஆணா பெண்ணா என்று தெரியுமாம். இவருடைய சைக்கிள் கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை சேலம் போகிறோம். என் ரத்தம் வாங்கித் தராத ரயில் டிக்கெட்டை, பிறக்காத பையன் வாங்கித் தந்துவிட்டான்.

22 ஜூன்
சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வைத்து, அடக்கிக்கொண்டு படு என்றார்கள். மழை நாளில் டி.வி. தெரிவது மாதிரி ஒரு சாம்பல் படம்.
“நஞ்சு கீழ இறங்கி வழிய அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு,” என்றார் டாக்டர் அம்மா. என் மாமியார் நஞ்சம்மாளைத்தான் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். சிரிப்பு வந்தது. அடுத்துச் சொன்னதில் நின்றது. பழைய தையல் மேலேயே ஒட்டி, உள்ளே வேர் விட்டிருக்கலாமாம். பிரித்தெடுத்தால் ரத்தம் நிற்காது, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். வலி வரும்வரை வீட்டில் இருக்கவே கூடாது. எட்டாம் மாதமே வந்து சேர வேண்டும், ரத்தம் கொடுக்க ஆட்களோடு.
இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பையனுங்களா?” என்றார்.
டாக்டர் அம்மா மிஷினை அணைத்தார். “உங்க சம்சாரம் பொழைப்பாங்களான்னு கேளுங்க மொதல்ல.”

23 ஜூன்
செத்துப் போயிருவேனா? பெரியவளுக்குத் தலைகூடப் பின்னத் தெரியாதே — அவ எத்தனாவது படிக்கிறான்னாவது இந்த மனுசனுக்குத் தெரியுமா?

12 ஜூலை
வீட்டில் கூட்டம். கர்ப்பப்பை போனால் பையனுக்கு எங்கே போவது என்பதுதான் பேச்சு. மருத்துவச்சி குள்ளம்மாளைக் கூப்பிட்டு வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம் என்றார் மாமியார். ரத்தம் என்றதும் கொழுந்தனார் மூவருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போனது. விருந்தென்றால் மூவரும் நல்ல திடகாத்திரம்.
நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதி வைத்துவிட்டேன்.

20 ஜூலை
பிள்ளைகள் நல்லம்பள்ளியில் அக்காவிடம். ரோசம்மாள் சேலத்துக்குத் துணைக்கு வருகிறார். பொம்மிடி ஸ்டேஷன் வரை வந்த இவர், சோறு யார் ஆக்குவார்கள் என்று கேட்டார்.
“உங்கம்மா,” என்றேன். ரயிலேறினேன்.

21 ஆகஸ்ட்
இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். டாக்டர் அம்மா சந்தேகப்பட்டது சரி. நஞ்சோடு கர்ப்பப்பையும் போய்விட்டது. முன்கூட்டியே தெரியாமல், வலி வந்தபின் வந்திருந்தால் மேஜையிலேயே முடிந்திருக்கும் என்றார்.
ஆறு பாட்டில் ரத்தம். ஹெட்மாஸ்டர், இரண்டு டீச்சர்கள், ரோசம்மாள், ஆஸ்பத்திரியில் இருந்தது ஒன்று. ஆறாவது இவர். ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்து, எழுந்து, மறுபடி கை நீட்டினாராம். இதை எப்படிக் கேலி செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.
பெண் குழந்தை. இரண்டு கிலோ சொச்சம்.

8 நவம்பர், ஞாயிறு
குழாயடியில் கருப்பண்ணன் மருமகள் நின்றிருந்தாள். வயிற்றில் இருப்பது அவளுக்கு மூன்றாவது. முதல் இரண்டும் ஆபரேஷன். என் மாமியார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.
“ஏ புள்ள, நஞ்சு எங்க ஒட்டியிருக்குதுன்னு சேலத்துல போயி மொதல்ல பாத்துரு. கண்ணெல்லாம் ஒண்ணும் கெடாது. எங்க வூட்ல நாந்தான் மருமகள அனுப்புனேன்.”
பதில் என் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெண், ரயில் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.
நான் நேரத்தை மட்டும் சொன்னேன்.