மாட்டியில் தொங்கும் வலது ஷூ

அனுப்புநர்:
இயந்திரவியல் இறுதியாண்டு மாணவன்
(வளாகப் பேருந்து ஓட்டுநரின் மகன்),
ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வளாக உடற்பயிற்சி மற்றும் நீச்சல் மையம்.

பொருள்: மிதவைப் பட்டைக்கு ஈடாகப் பிடித்து வைக்கப்பட்டுள்ள என் தந்தையின் வலது ஷூவை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மையம் ஸ்கிப்பிங் கயிறு, டம்பெல், நீச்சல் கண்ணாடி, மிதவைப் பலகை, மிதவைப் பட்டை ஆகியவற்றை மாணவர்களுக்கும் ஊழியர் குடும்பத்தினருக்கும் இலவசமாக இரவல் தருகிறது. அதற்கு முதலில் நன்றி. இரவல் வாங்குபவர் தமது வலது கால் ஷூவை ஈடாகக் கவுன்டரில் விட்டுச் செல்ல வேண்டும் என்பது விதி. முன்பு அடையாள அட்டையை வாங்கி வைத்தார்களாம். ஆட்கள் அட்டையை மறந்து, பொருளோடு வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அட்டை இல்லாமல் வீடு போகிறவன் ஒற்றை ஷூவோடு போகமாட்டான் என்று தங்கள் கண்காணிப்பாளர் கண்டுபிடித்தார். செலவு இல்லை, மின்சாரம் வேண்டாம், பழுதாகாது. பொறியியல் படிப்பவன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டை மனதாரப் பாராட்டுகிறேன். புகார் இனிமேல்தான் வருகிறது.

2. நீச்சல் குளத்துக்குப் போகிறவர் எப்படியும் ஷூவைக் கழற்றுவார். ஆகவே அங்கே இந்த விதி சரி. அதே விதியை உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நீட்டியது யார் என்று தெரியவில்லை. ஸ்கிப்பிங் கயிறு வாங்கியவர்கள் ஒரு காலில் ஷூவும் மறு காலில் சாக்ஸுமாகக் குதிப்பதைத் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை ஏதோ உயர்ந்த பயிற்சி முறை என்று நம்பி, கயிறே வாங்காமல் ஒரு ஷூவைக் கழற்றி வைக்கிறார்கள். விவரமானவர்கள் வீட்டில் கிடந்த பழைய ஷூவைக் கொண்டுவந்து ஈடு வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 'அணிந்து வந்தது மட்டும், வாங்குபவருடையது மட்டும், வலது மட்டும்' என்ற அறிவிப்பு கவுன்டர் கண்ணாடியில் ஒட்டப்பட்டது. ஒரு ஓட்டையை அடைத்தாயிற்று. அந்த அடைப்புக்குள் என் தந்தை மாட்டிக்கொண்டார்.

3. என் தந்தை இந்த வளாகத்தின் பேருந்து ஓட்டுநர். மாணவர்கள் அவரை 'பிரேக் அண்ணன்' என்பார்கள். பின்னால் யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் நிறுத்திவிடுவார். அதனால் வந்த பெயர். தாங்களும் ஏதோ ஒரு மழை நாளில் கோப்பு ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஓடிவந்து அதில் ஏறியிருக்கலாம். இவ்வாண்டு அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. கைக்கு வலு திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது, தேவைக்கு மேலேயே திரும்பியிருப்பதாக என் தாயார் கருதுகிறார். பாதம் மட்டும் இன்னும் தொங்குகிறது. அதைத் தாங்கும் தகடு ஒன்றை மருத்துவமனையில் அவருடைய வலது ஷூவுக்குள்ளேயே பொருத்தித் தந்திருக்கிறார்கள். வேறு ஷூவுக்கு மாற்ற முடியாது. அந்த ஷூ இருந்தால் நடப்பார். இல்லையென்றால் சுவர் வேண்டும், அல்லது நான் வேண்டும்.

4. அடுத்த மாதம் அவருக்கு மருத்துவக் குழு முன் தகுதிச் சோதனை. பிரேக்கை முழு வலுவோடு மிதித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் சாவி அறையில் உட்கார வைப்பார்களாம். "சாவிய எடுத்துக் குடுக்கவா என்னைப் பொழைக்க வச்சீங்க?" என்று எங்களைக் கேட்கிறார். இயன்முறை மருத்துவரிடம் இதற்குப் பதில் இருந்தது: இடுப்பில் மிதவைப் பட்டை கட்டி, மார்பளவுத் தண்ணீரில் தினமும் நடக்கச் சொன்னார். வெளியில் வாங்கிய மிதவையைத் தங்கள் குளத்துக்குள் விடுவதில்லை. எனவே கவுன்டருக்கு வந்தோம். குளத்தோரத்து நாற்காலி வரை ஷூவோடு போய், அங்கே கழற்றிவிட்டு இறங்குவது எங்கள் திட்டம்.

5. கவுன்டரில் இருந்த அண்ணன் நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். என் தந்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றார், நாற்காலி போட்டார், நலம் விசாரித்தார், பிறகு ஷூவைக் கேட்டார். நிலைமையை விளக்கி, என் வலது ஷூவை நீட்டினேன். "வாங்கறவரோடதுதான் வேணும் தம்பி" என்றார். பட்டையை என் பெயரில் எழுதச் சொன்னேன். "யார் இடுப்புல மாட்டுதோ அவங்கதான் வாங்கறவங்க." என் ஷூ இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதும். ஆனா அவரோடது." சரி, தந்தையின் இடது ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஷூக்களைத் தொங்கவிடும் மாட்டியில் வலது ஷூவுக்குத்தான் கொக்கி வளைத்திருக்கிறது, இடது நிற்காது என்றார். ஐயா, நான் அந்தக் கொக்கியைப் பரிசோதித்தேன். இடதும் நிற்கிறது. நிறுத்திக் காட்டினேன். "நிக்குது, ஆனா கூடாது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைத் தங்கள் மையத்தின் வாசலில் பொறித்து வைக்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை.

6. பின்னால் வரிசை நீண்டது. என் தந்தைக்கு யாரையும் காக்கவைத்துப் பழக்கமில்லை. "விடுடா, எல்லாரும்தான் கழட்டுறாங்க. நான் மட்டும் என்ன மந்திரியா?" என்று அவரே குனிந்து கழற்றிக் கொடுத்தார். கவுன்டர் அண்ணன் அளவு பார்த்துப் பட்டையை அவர் இடுப்பில் மாட்டிவிட்டார். தந்தை என் தோளைப் பிடித்தபடி ஈரத் தரையில் நடந்தார். கால் கழுவும் தொட்டியருகே பாதம் மடங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். தண்ணீரை அவர் தொடவே இல்லை. கவுன்டரை அப்படியே போட்டுவிட்டு முதலில் ஓடி வந்ததும் அந்த அண்ணன்தான். தமது செருப்பைக் கழற்றி என் தந்தையின் காலில் மாட்டப் பார்த்தார். அண்ணனின் கண் கலங்கியிருந்தது. விதி கலங்கவில்லை.

7. முதலுதவி அறையில் விலா எலும்பைப் பார்ப்பதற்காகச் செவிலியர் பட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மருத்துவமனைக்கு விரைந்த அவசரத்தில் ஷூவை மறந்துவிட்டோம். மறுநாள் வந்து, பட்டையின் இரு துண்டுகளையும் ஒப்படைத்து ஷூவைக் கேட்டேன். ஒன்று இரவல் வாங்கியவர் ஒன்றைத்தான் திருப்ப வேண்டுமாம்; இரண்டைக் கணினி ஏற்க மறுக்கிறதாம். இரண்டையும் கட்டி ஒன்றாக்கித் தந்தேன். சேதமான பொருள் என்றால் கண்காணிப்பாளர் கையெழுத்து வேண்டுமாம். கண்காணிப்பாளர் விடுப்பில் இருக்கிறார். இவ்வளவு அருமையான விதியைக் கண்டுபிடித்தவருக்கு ஓய்வு தேவைதான்.

8. விபத்து அறிக்கை ஒன்றையும் எனக்குக் காட்டினார்கள். பொருளின் நிலையை எழுத அதில் அரைப் பக்கம் இருக்கிறது. ஆளின் நிலையை எழுத இடமே இல்லை. கவுன்டர் அண்ணன் ஓரத்தில் சிறிய எழுத்தில் 'பாவம்' என்று எழுதியிருந்தார். அலுவலக முறைப்படி அதை அடித்து நீக்கச் சொல்வார்கள். அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

9. இன்று வரை அந்த ஷூ தங்கள் மாட்டியில் தொங்குகிறது. தண்ணீர் நடைக்கு வழி தேடி வந்த நாங்கள் இப்போது தரை நடையையும் இழந்து நிற்கிறோம். என் தந்தை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, அலமாரியின் கீழ்க்கதவை பிரேக் என்று வைத்துக்கொண்டு மிதிக்கிறார். அது ஏற்கெனவே மூடியிருக்கும் கதவு. ஆகவே பிரேக் பிடித்ததா இல்லையா என்று அவருக்கும் தெரிவதில்லை, எங்களுக்கும் தெரிவதில்லை. என் தாயார் மட்டும் சமையலறையிலிருந்து, "நின்னுடுச்சு, நின்னுடுச்சு" என்று குரல் கொடுக்கிறார்.

10. ஆகவே ஐயா, கண்காணிப்பாளரின் வருகைக்குக் காத்திராமல், தாங்களே கையெழுத்திட்டு ஷூவை இன்றே விடுவிக்க வேண்டும். நடக்க உதவும் ஷூ எதையும் இனி ஈடாகக் கேட்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். என் தந்தைக்கு வேறொரு பட்டை தந்து, தகுதிச் சோதனை வரை தண்ணீரில் நடக்க அனுமதிக்க வேண்டும். கடைசியாக, அந்தக் கவுன்டர் அண்ணன் மீது நடவடிக்கை எடுத்து இந்தக் கோப்பை முடித்துவிட வேண்டாம். அவர் விதியைத்தான் காப்பாற்றினார். அவரை விதியிடமிருந்து காப்பாற்றுவது தங்கள் வேலை.

11. மனுவைப் பெற்றுக்கொண்டவர்கள் பதில் தர மறந்துவிடுவதுண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் நேரத்தையும் நம்பிக்கையையும் தங்களுக்கு இரவல் தருகிறேன். அதற்கு ஈடாகத் தங்கள் வலது ஷூவைக் கேட்பதே முறை. ஆனால் தாங்கள் படியிறங்க வேண்டியவர். ஒற்றை ஷூவோடு இறங்குவது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் தெரியும். எனவே என்னுடையதையே இத்துடன் வைத்துவிட்டுப் போகிறேன். என் தந்தையின் ஷூ இறங்கியதும் அதே கொக்கியில் இதை மாட்டிக்கொள்ளலாம். அணிந்து வந்ததுதான். வலதுதான்.

இணைப்பு: ஷூ – ஒன்று.

நாள்: திங்கட்கிழமை, அலுவலகம் திறந்ததும்.
இடம்: தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்ச்.

பதில் வரும்வரை ஒற்றை ஷூவோடு,
(ஒப்பம்)
பிரேக் அண்ணனின் மகன்