ஒருக்கா அமத்து

இன்று காலை உன் மனைவி உன் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அதில் இன்னும் மண்ணெண்ணெய் மணக்கிறது. படகு எஞ்சினைக் கழற்றிய கையாலேதானே எல்லாவற்றையும் தொடுவாய்.

"முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அவர்ட குரலில அந்த அம்மன் பாட்டைப் போடவேணும் மாஸ்டர். உங்கட கொம்பியூட்டரில இருக்கும்தானே?" என்றாள்.

என்ன சொல்வேன்? ஐந்து வெள்ளிக்கிழமை என் வீட்டில் பாடினாய். ஒன்றுகூடப் பதியவில்லை. இறந்த பிறகும் என் பொறுமையைச் சோதிக்கிறாய்.

முன்னறையில் கணினி இரைகிறது என்றுதான் ஒலிவாங்கியைப் பின்னறையில் வைத்தோம். என் இருமல் பாட்டில் விழும் என்று என்னைப் படலைக்கு வெளியே துரத்தினாய். கணினிக்குப் பக்கத்தில் ஆளில்லை. ஆகவே உன் போனிலேயே பொத்தானை வைத்துக்கொடுத்தேன். அதை அமத்தினால் வைஃபை வழியாகக் கணினி பதியத் தொடங்கும்; மறுபடி அமத்தினால் நிற்கும். பள்ளிக்கூட மணியை உதாரணம் காட்டினேன்: "மணி அடிப்பது அலுவலகத்தில், பாடம் நடப்பது வகுப்பில். பாடம் தொடங்கவில்லையோ என்று இன்னொருமுறை அடித்தால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்." தலையாட்டினாய்.

ஆட்டிவிட்டு, இரண்டு தரம் அமத்தினாய்.

"எந்த எஞ்சின் மாஸ்டர் முதல் இழுவையில ஸ்டார்ட் ஆகியிருக்கு? கயிறை ரெண்டு தரம் இழுத்தே பழகின கை இது."

முதல் அமத்தலில் தொடங்கும், இரண்டாவதில் நிற்கும். பிறகு கண்ணை மூடிக்கொள்வாய். அம்மனைப் பாடும்போது திரையைப் பார்க்கக்கூடாதாம். முழுப் பாட்டும் காற்றோடு போகும். முடிந்ததும் நிறுத்துவதற்கென்று ஒருதரம் அமத்துவாய். அப்போதுதான் பதியத் தொடங்கும்! உன் பாட்டு இல்லை. ஆனால் நான் உன்னைத் திட்டுவது சுத்தமான ஒலியில் இருக்கிறது.

"இன்னொருக்காப் பாடு" என்றால், "ஓம், அம்மன் என்ன செவிடா, ஒரே நாளில ரெண்டு தரம் பாட?" என்று சைக்கிளை எடுப்பாய். அடுத்த வெள்ளிவரை காத்திருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் போகாத பொறுமை உன் ஒருவனிடம் போனது.

ஐந்தாம் வெள்ளியும் பாட்டில்லை. கணினியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கத்தினேன்.

"சத்தியமா ஒருக்காத்தான் அமத்தினேன் மாஸ்டர்."

"பொய் சொல்லாதே. அறுபது வயது தாண்டியும் சின்னப்பிள்ளை மாதிரிப் பொய்!"

வழக்கமாக இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுப்பவன், செருப்பைப் போட்டுக்கொண்டு போனாய். மறுவெள்ளி வரவில்லை. கோபம் தணியட்டும் என்று நானும் உன்னைத் தேடி வரவில்லை. அந்தக் கிழமையே நெஞ்சுவலி என்று புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இன்றைக்குத்தான் அந்தப் பதிவுகளை நாள்வாரியாகத் திறந்தேன். நான்கு வெள்ளிக்கும் இரண்டிரண்டு இருந்தன: இரண்டு அமத்தலுக்கு நடுவே ஒரு நொடி வெறும் பதிவு, அதன் பின் நம் சண்டை. ஐந்தாம் வெள்ளிக்கு ஒன்றுமே இல்லை. ஒரு நொடிகூட இல்லை. உன் போனில் பதிவாகியிருப்பதைப் பார்த்தேன்: அந்தப் பாட்டுக்கு முன் ஒரே ஒரு அமத்தல்தான், அதுவும் கணினியை எட்டவில்லை. அன்று உன் போன் வைஃபையை விட்டு நழுவியிருக்கிறது. இன்னொரு தரம் முயன்றிருந்தால் ஒருவேளை பிடித்திருக்கும். நான் சொன்னேன் என்பதற்காக, நீ முயலவில்லை.

சரியான விடைக்குப் பிழை போட்டுவிட்டால் மறுநாளே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் திருத்திக் கொடுப்பேன். முப்பது வருடம் அப்படித்தான் செய்தேன். உன்னை எங்கே கூப்பிடுவது?

பாட்டு இல்லை என்று உன் மனைவியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள்.

"எனக்குத் தெரியும் மாஸ்டர். அந்த மனிசன் எதையும் ரெண்டு தரம் அமத்தாம விடாது."

"இல்லை பிள்ளை," என்றேன். "கடைசி நாள் ஒருக்காத்தான் அமத்தினவன். நான்தான் நம்பவில்லை."