தலைப்பு இல்லாத தாள்

பதுளை,
12.05.2025

அன்புள்ள நிரு,

நேற்று உங்கள் தேயிலைத் தோட்டத்தில் கத்திய கத்தலில் இன்றைக்குத் தொண்டை போய்விட்டது. ஊழல் தடுப்புக் கூட்டத்துக்கு நாலு பேர்தான் வருவார்கள் என்று எங்கள் வீடமைப்பு அலுவலகத்தில் சிரித்தார்கள். நீர் நாற்பது பேரைக் கூட்டிவந்தீரே, டீச்சர் என்றால் சும்மாவா!

மழைக்கு எல்லாரும் ஓடியதில் வரவுக் கையெழுத்து வாங்கவில்லை. இரண்டு தாள் அனுப்புகிறேன். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கும்போது வாங்கிவிடும். தலைப்பை நான் இங்கே டைப் அடித்துக்கொள்கிறேன்.

மண்சரிவு அபாயத்தில் இருப்பவர்களுக்கான புது வீட்டுப் பட்டியலில் நீர் சொன்ன ஜெயலெட்சுமியின் பெயர் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன்.

அன்புடன்,
சுலோ அக்கா

பசறை,
16.05.2025

அன்பு அக்கா,

தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிற அவசரத்தில், பெரட்டில் எதை நீட்டினாலும் கையெழுத்துத்தான். தோட்டத் தலைவர் இராமையா மட்டும், “மேல ஒன்னும் எழுதலியே டீச்சர்?” என்றார். “நம்ம சுலோ மிஸ் கேட்டதுங்க” என்றேன். உடனே போட்டுவிட்டார்.

ஜெயலெட்சுமியின் லயத்து வீட்டுச் சுவர் வெடிப்பில் இப்போது என் கை போகிறது. மழை பிடித்தால், லயத்தோடு மண்ணில் புதைந்துபோன மீரியபெத்தைப் பேச்சுத்தான். வீடு கிடைக்கும் என்றதும் அழுதுவிட்டார்.

இஞ்சி போட்டுக் குடியுங்கள். தொண்டை சரியாகும்.

உங்கள்
நிரு

பசறை,
20.08.2025

அக்கா,

ஏழு முறை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பட்டியலை ஒட்டிவிட்டார்கள். பன்னிரண்டு வீட்டில் ஒன்பது, தோட்டப் பக்கமே வராத டவுன்காரர்களுக்கு. ஜெயலெட்சுமியின் பெயர் இல்லை. ஆட்சேபம் சொல்ல உங்கள் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு கோப்பை விரித்துக் காட்டினார்கள். ‘பட்டியலை வாசிக்கக் கேட்டோம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்று மேலே அடித்திருக்கிறது. கீழே நான் வாங்கிக் கொடுத்த கையெழுத்துகள்.

விடுதியில் இரண்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டோம். ‘அந்தத் தலைப்பை நான் அடிக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதுங்கள். நம்பிவிடுவேன்.

நிரு

சாவகச்சேரி,
02.09.2025

அன்புள்ள நிரு,

இடமாற்றம் கிடைத்து ஊருக்கு வந்துவிட்டேன். அம்மா படுக்கையில். ஆறு வருடமாகக் கேட்டும் கிடைக்காத மாற்றம் இது. தலைப்பை அடித்துத் தந்தால் அனுப்பிவைக்கிறேன் என்றார் மேலதிகாரி. அடித்தேன். ஒரு சதமும் வாங்கவில்லை, அம்மா மேல் சத்தியம்.

அடுத்த பட்டியலில் ஜெயலெட்சுமியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். புகார், அது இது என்று போகவேண்டாம். கையெழுத்து வாங்கியது நீர். உம்முடைய பெயரும் சேர்ந்துதான் வரும். உம்மில் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
சுலோ அக்கா

பசறை,
10.09.2025

சுலோஜனா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெரட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜெயலெட்சுமி மட்டும் பக்கத்தில் வந்து கேட்டார்: “ஒங்களுக்கும் ஏதாச்சும் குடுத்தாங்களா டீச்சர்?”

அவருடைய மூன்று பிள்ளைகளும் என்னிடம்தான் எழுதப் படித்தவர்கள். இல்லை என்றேன். நம்பினாரா தெரியவில்லை. இதற்காக உங்களை நான் மன்னிக்கமாட்டேன்.

காசு வாங்கவில்லை என்கிறீர்கள். அந்த இடமாற்றத்துக்கு என்ன பெயர்?

நேற்று இலஞ்ச ஆணைக்குழுவுக்குப் புகார் அனுப்பினேன், உங்கள் கடிதத்தோடு. என் பெயரும் வரும் என்று பயமுறுத்தியிருந்தீர்கள். யார் மீது புகார் என்று படிவத்தில் கேட்ட இடத்தில் என் பெயரைத்தான் முதலில் எழுதினேன். உங்கள் பெயர் அதற்குக் கீழே இருக்கிறது.

இ. நிரஞ்சலா