இல்லாத நாட்டின் எழுதுவினைஞர்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

வோபர்னில் உள்ள தமிழ்க் கடைக்குச் சாப்பாடு எடுக்கப் போனேன். கொத்துரொட்டி கட்டிக்கொண்டு நின்ற பெண் என் முகத்தையே பார்த்தாள். "நீங்கள் கிளிநொச்சிப் பதிவகத்தில இருந்த இரத்தினவேல் அண்ணை தானே?"

பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் "ஓம்" வந்துவிட்டது. கனடாவுக்குக் கப்பலில் வந்து பதினைந்து வருடம். அந்த வேலையைச் சொல்லி ஒருவரும் என்னை விசாரித்ததில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது - கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.

பெப்ரவரி 16

அவள் பெயர் தெய்வநாயகி. திருகோணமலைக்காரி. இன்று மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். என் மனிசி நிரூபா தேத்தண்ணி கொடுத்தாள்.

தெய்வநாயகி கோப்பிலிருந்து தன் கலியாணப் பதிவுப் பத்திரத்தை எடுத்து வைத்தாள். 2005 ஆவணி. இயக்கத்தின் ஆட்சியில் நாங்கள் பதிந்து கொடுத்தது. மேலே தமிழீழம் என்ற அச்சு. நடுவில் என் எழுத்து, கீழே என் கையெழுத்து. வடிவாக எழுதியிருக்கிறேன்.

புருசன் கோணேஸ்வரன் பிறம்ரனில் ட்ரக் ஓடுகிறான். அங்கே வேறொருத்தியோடு தொடர்பு. இவளை வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறான். வீடு அவன் பெயரில். கலியாணம் முடித்தவர்கள் என்றால் வீட்டில் இவளுக்கும் பங்கு உண்டு. சும்மா சேர்ந்து இருந்தவர்கள் என்றால் இந்த மாகாணச் சட்டத்தில் அந்த உரிமை இல்லை. அவன் சொல்வது: அப்படி ஒரு நாட்டை உலகத்தில் எவரும் ஏற்கவில்லை, ஆகவே அந்தக் கலியாணமும் இல்லை.

செல்லுபடியாகும் என்று இரண்டு பேரும் நம்பித்தான் பதிவு செய்தார்கள் என்று பதிந்தவரே சொன்னால் கோர்ட் கவனிக்கும் என்று அவளுடைய லோயர் சொன்னாராம்.

"ஒரு வசனம் காணும் அண்ணை. இது நான் எழுதினது எண்டு மட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 18

எங்கள் குடிவரவு ஆலோசகரிடம் போனேன். அகதி வழக்கில் நான் கடைச் சிப்பந்தி என்றுதான் எழுதியிருக்கிறது. சிற்றிசனாகும் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "ஆருக்குக் கீழ வேலை செய்தனீங்கள் எண்டு கேப்பினம். இஞ்ச தடை செய்த இயக்கம். சிற்றிசனும் இல்லை, இருக்கிறதும் போகும். மனிசிக்கும் சேர்த்து."

விண்ணப்பத்தில் எந்த அரசிலாவது வேலை செய்தீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று போட்டேன். அது பொய்யா? எங்களிடம் நீதிமன்றம் இருந்தது. வங்கி, சீருடை போட்ட பொலிஸ், சில காலம் கொழும்புக்கு அரை மணி வித்தியாசமாக ஓடிய மணிக்கூடு. ஆனால் ஒரு நாடும் அரசு என்று சொல்லவில்லையே. பிறகு நான் மட்டும் ஏன் சொல்லவேண்டும்?

பெப்ரவரி 27

தெய்வநாயகி என்னிடம் வந்ததை அறிந்து, நான் வேலை செய்யும் வெயாஹவுசுக்குக் கோணேஸ்வரன் வந்தான். இருபது வருடத்துக்குப் பிறகும் ஆளைத் தெரிந்தது. கிளிநொச்சியில் கொடி ஏற்றும்போது தொப்பி கழற்றாத ஒரு கிழவரைச் சனத்துக்கு முன்னால் அதட்டியவன்.

"அது ஒரு நாடே அண்ணை? நாலு கொட்டிலும் ஒரு றப்பர் ஸ்ராம்பும்."

நான் அடுத்த பெட்டியைத் தூக்கி அடுக்கினேன்.

"உது உங்கட கையெழுத்து எண்டு நீங்கள் சொன்னா, நீங்கள் ஆரெண்டு நானும் சொல்லவேண்டி வரும். சொல்லாட்டி எனக்கு உங்களைத் தெரியாது."

பிறகு என் முதுகில் தட்டி, மகன் மாதிரி, கோப்பி வாங்கித் தந்தான். குடித்தேன்.

மார்ச் 3

தெய்வநாயகி நாலு தரம் அழைத்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 12

சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாதாம், மறுத்து எழுதித் தரவேண்டுமாம். கோணேஸ்வரனுடைய லோயரின் கந்தோரில் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தேன். அது என் கையெழுத்தல்ல. அப்படி ஒரு பதிவகத்தில் நான் வேலை செய்யவில்லை. இருபது நிமிடம் போதுமாக இருந்தது.

லோயர் இங்கே பிறந்த பிள்ளை. "அங்கிள், அது ஒரு றியல் கன்ட்றியா இருந்ததா?" என்று உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். கோணேஸ்வரன் சிரித்தான்.

நானும் சிரித்தேன்.

மார்ச் 14

எங்கள் கலியாணப் பத்திரமும் அதே பதிவகத்தில் நான் என் கையால் எழுதியது. அகதி வழக்கில் அதைக் காட்டவில்லை, கோயிலில் தாலி கட்டியது என்று மட்டும் சொன்னோம். யாராவது இரண்டு எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்?

நிரூபா முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போன பிறகு, அவளுடைய கூறைச் சேலைக்குள் இருந்து அதை எடுத்தேன். முள்ளிவாய்க்காலில் தாலியைக் கொடுத்து அரிசி வாங்கியவள். இந்தக் கடதாசியை மட்டும் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

சின்னச் சின்னதாகக் கிழித்து, முட்டைக் கோதோடு சேர்த்து மாடிக் கட்டடத்தின் குப்பைக் குழாயில் போட்டேன். சத்தம் ஒன்றும் பெரிதாக வரவில்லை.

மே 21

கோர்ட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வெளியே வாங்கில் தெய்வநாயகி பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கு அண்ணை. இந்த நாட்டின்ர சட்டப்படி இண்டையிலயிருந்து நீங்கள் புருசன் பெண்சாதி எண்டு. எழும்பி நிண்டு சொன்னனீங்கள்."

"நீங்கள் ஆள்மாறிக் கதைக்கிறியள்" என்றேன்.

அவள் பத்திரத்தைக் கோப்புக்குள் வைத்தாள். "இருக்கும்" என்று சொல்லி எழும்பிப் போனாள்.

உள்ளே அவர்களுக்கு என்னிடம் கேட்க அதிகம் இருக்கவில்லை.

மே 30

அவள் வழக்கைத் தொடரவில்லையாம். இந்த மாதத்தோடு வீட்டை விடுகிறாள்.

ஜூன் 1, ஞாயிறு

தெய்வநாயகி உடுப்புப் பெட்டியோடு வோபர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற் அறைக்குக் குடிபோனதை யாரோ நிரூபாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் கொடுத்த சத்தியக் கடதாசியையும்தான். நிரூபா நேரே அலுமாரிக்குப் போனாள். கூறையை விரித்து உதறினாள்.

"எங்கட பத்திரம் எங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கும் சேர்த்துத்தான் செய்தேன் என்றும் சொன்னேன்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?"

வேறொன்றும் கேட்கவில்லை. சத்தம் போடவுமில்லை. போட்டிருக்கலாம். தன் உடுப்பை அடுக்கினாள், சோற்றை இறக்கி வைத்தாள், போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. வோபர்ன் பஸ்ஸில்தான் ஏறினாள், ஜன்னலால் பார்த்தேன்.

நான் ஆருக்காகச் செய்தனான்? திருப்பி அனுப்பினா அவளையும் தானே அனுப்பியிருப்பாங்கள்? தெய்வநாயகிக்கு ஒரு வீடு போச்சுது, எங்களுக்கு உயிரே போயிருக்கும் - அப்பிடியில்லையோ? ஆரிட்டக் கேக்கிறன் இதை. சோறு ஆறிப்போச்சுது.

ஜூன் 19

நிரூபாவை அழைத்தேன். ஃபோன் அடிக்கிறது. எடுக்கவில்லை.

செப்ரெம்பர் 23

கொம்பியூட்டருக்கு முன்னால் கையை உயர்த்திச் சத்தியப்பிரமாணம் செய்தேன். திரையில் எண்பது முகங்கள். பலருக்குப் பக்கத்தில் குடும்பம் நின்றது. நீதிபதி இனி நாங்கள் கனடியர் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

பின்னேரம் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பினேன். அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர் என்று ஒரு பெட்டி இருந்தது. நிரூபாவின் பெயரை எழுதினேன். விலாசம் கேட்டது. அவளுடைய விலாசம் என்னிடம் இல்லை. வெட்டி எழுதக் கூடாதாம். வேறு தாள் எடுத்தேன்.

அவன் பெயரைப் போடலாமா என்று கோணேஸ்வரனை அழைத்துக் கேட்டேன். "போடுங்கோ அண்ணை, அதுக்கென்ன" என்றான்.

உறவு முறை: நண்பர்.