போனுக்கு வைத்த பொட்டு

சுருளிப்பட்டி
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

பூனாவில் மகள் வீட்டில் இருக்கும் என் மனைவி மாயக்காளுக்கு, அம்மாவாசி சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுச் சொர்ணலதா எழுதுவது. நான் சுகம். தோட்டம் சுகம். நீயும் உமாவும் மாப்பிள்ளையும் பச்சைப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கச் சுருளி வேலப்பர் துணை நிற்கட்டும்.

உமா ஆத்தா, மாப்பிள்ளை வேலைக்குப் போன நேரம் பார்த்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நிறுத்தி நிறுத்திப் படி. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். பிடிக்காத பேச்சு வந்தால்தான் கேட்காது.

மாயக்கா, போன வாரம் சொர்ணலதா போனில் உமா பேசினாள். "அம்மா போனையே தொட மாட்டேங்குதுப்பா. நான் காதுல கொண்டுபோயி வச்சாலும் கையத் தட்டிவிடுது" என்றாள். நாம் திருப்பிக் கொடுத்த வாடகைப் போனில் விரிசல் என்று சேதக் கணக்கு வந்த நாளிலிருந்து நீ இப்படித்தான் இருக்கிறாயாம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாயாம். ஊருக்குப் போக ரயிலில் சீட்டுப் போடச் சொல்லி மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டாயாம். போனில் பேச மாட்டேன் என்கிறவளிடம் நான் வேறு எப்படிப் பேசுவது? அதனால்தான் கடிதம்.

எட்டாம் மாதமே வந்துவிட்ட பிள்ளை. உமாவுக்கு இன்னும் முதுகு நிமிரவில்லை. மாப்பிள்ளை திலீபனுக்கு ஷிப்ட் வேலை. நீயும் கிளம்பிவிட்டால் அந்த வீட்டில் பிள்ளையை வாங்க யார் கை இருக்கிறது? இதை நினைத்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை அப்படி என்னதான் சொன்னார் என்று உமாவிடம் கேட்டேன். "கொஞ்சம் பாத்து வச்சிருக்கலாம்ல" என்றாராம். அவ்வளவுதான். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, பிள்ளைத் துணியை அலசிப் போட்டுவிட்டு, போனைத் திறந்தால் அந்தச் செய்தி. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, வாயில் வந்தது. நானாக இருந்தால் வீடு அதிரக் கத்தியிருப்பேன். நான் கத்தி நீ கேட்டிருக்கிறாய். அதற்கெல்லாம் ஒருநாளும் சீட்டுப் போடச் சொன்னதில்லையே.

உடைத்தது நீதான் என்று நீ ஏன் நினைக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்த அன்றைக்கு நாம் பன்னீர்த் திராட்சை அறுத்துக்கொண்டிருந்தோம். நீ பந்தலுக்குக் கீழே குனிந்து நின்றாய், நான் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் வந்தேன். மாப்பிள்ளை வீடியோவில் வந்து பிள்ளையைக் காட்டினார். துணிப்பையில் வெள்ளைப்பூண்டு மாதிரி இத்தனூண்டு முகம். நீ "ஆத்தாடி!" என்று கையை உதறினாய். போன் போய் விழுந்தது. எங்கே விழுந்தது? கல்தூணில் இல்லை, வரப்பில் இல்லை. நிறைந்திருந்த கிரேட்டில், பழத்தின்மேல் விழுந்தது. நான்தான் எடுத்தேன். உறையைக் கழற்றி, என் துண்டில் முன்னும் பின்னும் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கு நசுங்கியது பழம்தான். கண்ணாடியில் ஒரு கோடு இல்லை. வியாபாரிகூட அந்தக் கிரேட்டை எடுக்க மாட்டேன் என்று முறுக்கினான், "பேத்தி பெறந்திருக்கா, நீயே தின்னு" என்று நீ அவனிடமே ஒரு கொத்தைக் கொடுத்தாய். நினைவு வருகிறதா?

ஆகவே விரிசல் நம்மிடம் விழவில்லை என்பது எனக்கு உறுதி. வியாழக்கிழமை தேனிக்குப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், உன்னைப் பூனாவுக்குக் கூட்டிப்போக மாப்பிள்ளை வந்த அன்றைக்கு நாம் போனைத் திருப்பிக் கொடுத்தோமே, அதே கடைக்கு. சின்னமனூர் தாண்டும்வரை மழை. வீரபாண்டியில் வெயில். துண்டைக் காயவைத்துக்கொண்டே போய் இறங்கினேன்.

கடையைப் பார்த்துக்கொள்ளும் விஷால் என்கிற பையன் முதலில் என்னைப் பார்க்கவே இல்லை. நான் சொன்னதைப் பாதியில் நிறுத்தி, "பெரியவரே, இதெல்லாம் நான் போடுறது இல்ல. கம்பெனில செக் பண்ணி அவுக போடுறாக. பின்கண்ணாடி விரிசல், கேமராவுல கறை, ஸ்பீக்கர் ஓட்டைல தூளு. மூணையும் படம் எடுத்து அனுப்பியிருக்காக" என்றான்.

"ஏப்பா, கல்யாண வீட்டுக்கு அண்டா வாடகைக்கு எடுத்தாக்கூட, திருப்பிக் குடுக்கையில ஆளு நிக்கும்போதே தட்டிப் பாத்து நெளிசல் இருக்கான்னு சொல்லிருவாக. ஆள வண்டி ஏத்திவிட்டுட்டு அப்புறமா பாக்குறது என்ன பழக்கம்?" என்றேன். அண்டா கணக்கு உன்னுடையதுதான். இந்தப் போனை விலைக்கு வாங்கவில்லை, மாத வாடகை கட்டி, தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று உமா சொன்ன அன்றைக்கு, "கல்யாண வீட்டு அண்டா மாதிரியா?" என்று நீ கேட்டாயே, அதைத்தான் எடுத்துவிட்டேன்.

அவன் கறைப் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டி, "சரி, இது என்ன? போன் என்ன பசுமாடா, பொட்டு வச்சு அனுப்ப?" என்று சிரித்தான். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

"பசுமாட்டத் திருப்பிக் குடுத்திருந்தா, கொம்புல விரிசல்னு யாரும் காசு கேட்டிருக்க மாட்டாக" என்றேன். அப்போதும் சிரித்தார்கள், இந்தத் தடவை அவனைப் பார்த்து.

மாயக்கா, அவர்கள் சிரித்தது எனக்கு உறைக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்த அன்று காலை நீ குளித்துவிட்டு வந்து போனை வேலப்பர் படத்துக்கு முன்னால் வைத்தாய். விபூதி தூவினாய். குங்குமத்தைக் குழைத்து, பின்பக்கம் மூன்று கண் இருக்கிற இடத்தை நெற்றி என்று வைத்துக்கொண்டு பெரிதாக ஒரு பொட்டு வைத்தாய். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை. மயிலைக் கன்றை விற்றபோதும் நீ அப்படித்தான் அனுப்பினாய். நம் வீட்டில் இருந்து பேத்தி முகத்தை முதலில் காட்டிய ஒன்று, வெறும் நெற்றியோடு எப்படி வெளியே போகும்? இதில் நீ வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்தப் பொட்டுதான் நம்மைக் காப்பாற்றியது, கேள்.

கடையில் ரசீது போடுகிற ஜெனிபர் என்ற பெண் உனக்கு நினைவிருக்கும். அன்றைக்குப் போனை நான் மேசையில் கவிழ்த்து வைத்ததும், "ஐயோ ஆத்தா, போனுக்குப் பொட்டா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே, அவள்தான். நீ கூச்சப்பட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய். மாப்பிள்ளை பஸ் பார்க்கப் போயிருந்தார். நான் மட்டும் நின்றேன். அப்போது அவள் தன் சொந்தப் போனை எடுத்து, நம் போனுக்கு நேராகப் பிடித்தாள். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அவளைக் காணோமே என்று கேட்டேன். சாப்பிடப் போயிருக்கிறாள் என்றார்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். விஷால், "வெயிட் பண்ணி பிரயோசனம் இல்ல பெரியவரே" என்று சொல்லிப் பார்த்தான். "எனக்கு வீட்டுல காத்திருக்க ஆளு இல்லப்பா" என்றேன். அதற்குப் பிறகு அவனே ஒரு டீ வாங்கித் தந்தான். மோசமான பையன் இல்லை.

ஜெனிபர் வந்ததும் கேட்டேன், "ஆத்தா, அன்னைக்கு ஒரு போட்டோ எடுத்தியே, அது இருக்கா?" அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "தாத்தா, தப்பா நெனைக்காதீக, கேலி பண்ண எடுக்கல. எங்க அக்காவுக்கு அனுப்பத்தான் எடுத்தேன்" என்றாள். விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். பிறந்தநாள் கேக், பூனைக்குட்டி, புதுச்சேலை எல்லாம் ஓடியது. கடைசியில் நின்றது. நம் போன், கவிழ்த்து வைத்தபடி, நெற்றி நிறையப் பொட்டோடு. மேலே விளக்கு வெளிச்சம் விழுந்து பின்கண்ணாடி கிணற்றுத் தண்ணீர் மாதிரி கிடந்தது. ஒரு விரிசல் இல்லை. அவள் அக்கா கீழே பதில் எழுதியிருந்தாளாம். "இந்த அம்மாவ எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு" என்று. ஜெனிபர் படித்துக் காட்டினாள்.

விஷால் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு, "எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டு லாரியில விடுறாக. அங்கன இடிச்சிருக்கும்" என்றான். அப்போதே கம்பெனிக்குப் படத்தை அனுப்பிப் போனிலும் பேசினான். சாயங்காலம் நான் கிளம்புவதற்குள் பதில் வந்துவிட்டது. விரிசலுக்குப் போட்டதைத் தள்ளிவிட்டார்கள். கறைக்கும் தூளுக்கும் துடைத்த கூலி மட்டும், போன் எடுக்கும்போது கட்டிய முன்பணத்தில் கழியும். அது நாம் வைத்ததுதானே, கழியட்டும் என்று சொல்லிவிட்டேன். உமாவுக்கும் இந்தச் செய்தி வந்திருக்கும். ஆனால் அது போனில் வந்தது என்பதால் நீ நம்பியிருக்க மாட்டாய்.

உமா, இதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்த நாலு வரியை அவர் வெளியே போனபிறகு படி.

பொட்டு வைத்தது யார் என்று கம்பெனிக்கு எழுத வேண்டுமாம், விஷால் கேட்டான். நான்தான் வைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன், மாயக்கா. ஜெனிபர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு உன் விரலில் குங்குமத்தைப் பார்த்தவள் அவள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல். கிழவனுக்குக் கிறுக்கு என்று போகட்டும்.

இங்கே தோட்டத்தில் கொடி வெட்டிக் கவாத்து முடிந்துவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, துளிர் நன்றாக இருக்கிறது. மருந்து அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சமையலில் ஒரு கஷ்டமும் இல்லை. அளவுதான் கைக்கு வரவில்லை. இரண்டு பேருக்கே உலை வைத்துவிடுகிறேன். மிச்சத்தைக் கோழிக்குப் போடுகிறேன். கோழி நடக்க முடியாமல் பெருத்துவிட்டது. சொர்ணலதா குழம்பு தருகிறாள். அவள் குழம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொல்கிறாள், எழுதியாயிற்று.

சீட்டுப் போட்டிருந்தால் மாப்பிள்ளையிடம் சொல்லி ரத்து பண்ணிவிடு. அவரோடு உட்கார்ந்து சாப்பிடு. அவர் தட்டில் நீயே சோறு போடு. அவருக்கும் உன்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இருக்கும். பிள்ளைக்குக் கழுத்து நிற்கட்டும். உமா தானாக எழுந்து நடமாடட்டும். அதுவரை நீ அங்கேதான் இருக்க வேண்டும். தை ஆனாலும் சரி, மாசி ஆனாலும் சரி. இதை நான் மனசாரத்தான் சொல்கிறேன். சொர்ணலதா என் முகத்தைப் பார்க்கிறாள். நீ எழுது ஆத்தா என்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. புறப்படும்போது சொல்லாமல் புறப்பட்டுவிடாதே. எந்த வண்டி என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பு. மதுரைக்கே வந்து நிற்கிறேன்.

பிள்ளைக்கு நூறு வயசு. உனக்கு அதில் பாதியாவது என்னோடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
அம்மாவாசி
(இடது கைப் பெருவிரல் ரேகை)