அன்று நான் நிறுத்தச் சொன்ன இசை

என் செல்லத் தம்பி டேனிக்கு,

நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. உன் மனைவி ரெஜினா மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். கவலைப்படாதே.

போன மாதம் அவள் உன் செல்போனையும் ஹெட்போனையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “அண்ணி, அவரு கேட்ட பாட்டெல்லாம் இதுல அப்படியே இருக்கு. அழிக்க மனசு வரல, கேக்கவும் தெம்பில்ல. நீங்க கோயில் கோயர்ல பாடுறவங்க, நீங்களே வச்சுக்கங்க.”

வாங்கிக்கொண்டேன். ஆனால் ஒரு வாரம் தொடவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று மத்தியானம், நீ உள்ளறையில் எதையோ போட்டாய். அடிவயிற்றிலிருந்து எழுவது போல ஒரு பெண்குரல், பின்னால் இடி மாதிரி மேளம். சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து வந்து அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். “அப்பாவ வச்சுக்கிட்டு என்னடா கூத்து இது? நிறுத்து!”

நீ உடனே நிறுத்தினாய். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அந்த இசை வெளியே கேட்கவே இல்லை. ஹெட்போனோடு சரி. நாம் பேசிக்கொண்டோம், ஒன்றாகச் சாப்பிட்டோம். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

கண் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் போன அன்றுதான் பஸ்ஸில் ஹெட்போனை மாட்டினேன். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். திடீரென்று மேளம் அதிர்ந்ததில் துள்ளிவிட்டேன். “என்னம்மா, நெஞ்சு வலியா?” என்று பக்கத்தில் இருந்த அம்மா பதறினார். “இல்லங்க, பாட்டு” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். போன் திரையில் ஆர்க்கெஸ்ட்ரா என்று போட்டிருந்தது. நமக்கு ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண மேடையில் சினிமாப் பாட்டுதானே! இது இருட்டாக இருந்தது, கோபமாக இருந்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

வடுவூர் ஏரி தாண்டியதும் மறுபடி மாட்டிக்கொண்டேன். முப்பது வருஷமாக நான் கோயரில் ஆல்ட்டோ, பெண்களின் அடிக்குரல், பாடுகிறவள். கோயிலில் யார் காதிலும் எங்கள் குரல் தனியாக விழாது. இந்த இசையோ முழுக்க முழுக்க அடியில் நிற்கிறவர்கள் மேல்தான் நின்றது. அந்தப் பெரிய வயலின்கள் மெல்லப் புலம்புவதை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். “பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு, எறங்கலியாம்மா?” என்று கண்டக்டர் வந்து கேட்க வேண்டியதாயிற்று.

அப்புறம் தினமும் மத்தியானம் கேட்டேன். ஒருநாள் ஒரு ஓபரா, மேடையில் பாட்டாகவே நடக்கும் நாடகம், படத்தோடு வந்தது. முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது, அன்று உள்ளறையில் கேட்ட அதே குரல். கலங்கரை விளக்கம் காத்த கிழவர் மேடையில் செத்துக் கிடக்கிறார். மகள் அலறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்தெந்தக் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தது என்று அவருக்குச் சொல்லிச் சொல்லிப் பாடுகிறாள். கீழே ஓடிய இங்கிலீஷ் வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ரெஜினாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அப்பா போன அன்று நடந்ததைச் சொல்லி, கதவைத் திறந்து வைத்துச் சத்தமாகவே போட்டேன்.

“அன்னைக்கு இத வச்சுதான் அழுதாரா, அண்ணி?”

“ஆமாம்மா. அழுதுக்கிட்டு இருந்தவனத்தான் நான் அதட்டிட்டேன்.”

“ஒருநாள்கூட உங்களக் குறையா சொன்னதில்ல அவரு.”

எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது, டேனி. எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானாவது கேட்டிருக்கலாமே, இல்லையா?

மன்னித்துவிடு.

ஓபராவில் இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருக்கிறது. புயலில் அந்த மகள் விளக்கேற்றத் தனியாகப் படி ஏறுகிறாள். “பயமா இருக்கு, இன்னைக்குப் போதும் அண்ணி” என்று ரெஜினா எழுந்துவிட்டாள். அந்த மகள் விளக்கை ஏற்றினாளா? உன்னிடம் கேட்க வாயெடுக்கிறேன். வேண்டாம், சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரெஜினா இங்கேதான் சாப்பிட வருகிறாள். என்ன ஆனாலும் இரண்டு பேரும் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்போம். இது சத்தியம்.

உன்னைத் தாமதமாகக் கேட்கத் தொடங்கியிருக்கும்
உன் அக்கா கிரேஸ்